ஜில் தண்ணி பாட்டிலும் ரூட் கெனாலும்

வணக்கம். நான் ஒரு பல் மருத்துவர். மதுரை கே.புதூரில் சின்னதாக ஒரு கிளினிக், இரண்டே நாற்காலி. ரூட் கெனால், அதாவது பல்லுக்குள் கெட்டுப்போன சதையை எடுத்துச் சுத்தம் செய்து அடைக்கும் சிகிச்சை, அதைப் பற்றிப் பேச வாருங்கள் என்று வானொலி நிலையத்திலிருந்து கூப்பிட்டபோது, சமையல் செய்துகொண்டே ரேடியோ கேட்கிறவர்களுக்கு இதையெல்லாமா சொல்வது என்று கொஞ்சம் யோசித்தேன். அப்புறம் போன வாரம் வந்த உசிலம்பட்டிப் பெரியவர் நினைவுக்கு வந்தார், சரி என்று ஒத்துக்கொண்டேன்.

காலையில் நான் ஷட்டரைத் தூக்கும்போதே அவர் படியில் உட்கார்ந்திருந்தார், கையில் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்த தண்ணி பாட்டில். இரண்டு நிமிடத்துக்கு ஒரு மடக்கு ஊற்றி, வலது பக்கம் ஒதுக்கி வைத்துக்கொள்வார், வாய்ச்சூட்டில் அது வெதுவெதுப்பானதும் விழுங்கிவிட்டு மறுபடி ஒரு மடக்கு. பஸ்ஸில் வழி முழுக்க இப்படித்தானாம், செக்கானூரணியில் முதல் பாட்டில் தீர்ந்து இரண்டாவது வாங்கினாராம். என்னைப் பார்த்ததும் அவர் சொன்னது ஒன்றுதான்: "தாயி, என்னமும் செய், அந்த ரூட் கெனாலு மட்டும் வேணாம். வலி உயிர் போயிருமாம்ல."

இரண்டு ராத்திரி தூங்காத மனுஷர், பாட்டில் தண்ணீரை நம்பி அறுபது வயதில் பஸ் ஏறி வந்திருக்கிறார், அவர் வலிக்குப் பயந்து சிகிச்சை வேண்டாம் என்கிறார். இதைத்தான் இன்றைக்குப் பேசலாம் என்று வந்தேன். ரூட் கெனால் வலி என்று ஊரில் சொல்லப்படுவதில் பெரும்பகுதி ரூட் கெனாலுக்கு முந்தின ராத்திரியின் வலி. பழியை மட்டும் நாற்காலி வாங்கிக்கொள்கிறது.

பல்லின் வெளியே எனாமல், அதற்குள்ளே கொஞ்சம் மெத்தென்ற டென்டின், நடுவில் ஒரு சின்ன அறை. அந்த அறையில்தான் நரம்பும் ரத்தக் குழாயும் சேர்ந்த சதை இருக்கிறது, அது மெல்லிய குழாய்களாக வேர் நுனிவரை இறங்குகிறது. சொத்தை அந்த அறையைத் தொட்டதும் சதை வீங்கும். கையில் முள் குத்தினால் தோல் கொஞ்சம் விரிந்து இடம் கொடுக்கும், இங்கே சுற்றிலும் கல் மாதிரிச் சுவர், வீங்க இடமே இல்லை. அழுத்தம் முழுக்க நரம்பின் மேல் இறங்குகிறது. படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் இன்னும் கொஞ்சம் அதிகமாகப் போகும், அதனால்தான் பகலில் சும்மா இருந்த பல் ராத்திரி பதினோரு மணிக்கு ஆளை எழுப்பி உட்கார வைக்கிறது. சூடு பட்டால் துடிக்கும், ஜில் தண்ணீர் பட்டால் அழுத்தம் தணிந்து கொஞ்ச நேரம் அடங்கும். அதனால் பாட்டிலோடு ஒருவர் உள்ளே வந்தாலே, எக்ஸ்ரே எடுப்பதற்கு முன்பே எனக்குப் பாதி விஷயம் தெரிந்துவிடும்.

இதற்கு நம் ஊரில் இல்லாத வைத்தியம் கிடையாது. கிராம்பை வைத்துக் கடிப்பது, சொத்தைக் குழியில் மூக்குப்பொடி அடைப்பது, கற்பூரம், கண்டங்கத்திரி விதையைச் சுட்டுப் புகை பிடித்துப் "பூச்சி" எடுப்பது. பல்லில் பூச்சி என்று எதுவும் இல்லைங்க. சொத்தை பாக்டீரியாவின் வேலை, அது கண்ணுக்குத் தெரியாது, நெளியாது. கிராம்பை மட்டும் நான் குறை சொல்ல மாட்டேன், அதிலிருக்கும் யூஜினால் என்ற எண்ணெய் உண்மையிலேயே வலியைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், எங்கள் தற்காலிக சிமெண்ட்டிலேயே அது உண்டு. கிளினிக்கில் வரும் அந்த ஆஸ்பத்திரி வாசனையில் பாதி கிராம்பு வாசனைதான். ஆனால் கிராம்பு எண்ணெயைப் பஞ்சில் முக்கி ஈறில் வைத்துப் புண்ணாக்கிக்கொண்டு வருகிறவர்களும் உண்டு.

மெடிக்கலில் போய் "பல் வலிக்கு ஒரு செட் கொடுங்க" என்று வாங்கிப் போடும் மாத்திரைகள் தனிக்கதை. ஆன்டிபயாடிக் ரத்தத்தில் கலந்துதான் போக வேண்டும், உள்ளே செத்துப்போன சதைக்கு ரத்த ஓட்டமே இல்லை, மருந்து எப்படிப் போய்ச் சேரும்? சுற்றியிருக்கும் வீக்கம் கொஞ்சம் வடியும், மூலம் அப்படியே இருக்கும்.

இதில் மோசமான ஏமாற்று ஒன்று உண்டு. வலி ஒருநாள் தானாக நின்றுவிடும். "கடவுள் புண்ணியத்துல சரியாப் போச்சு" என்று வீட்டில் எல்லோரும் நிம்மதி ஆவார்கள். அன்றைக்குத்தான் நரம்பு செத்திருக்கும். கொஞ்ச மாதம் கழித்து ஈறில் அரிசி மணி அளவுக்கு ஒரு கொப்புளம், அழுத்தினால் சீழ், வலி இல்லை, அதனால் யாரும் வர மாட்டார்கள். அதுவரை வேர் நுனியில் எலும்பு கரைந்துகொண்டிருக்கும்.

சரி, சிகிச்சைக்கு வருவோம். வரும் நாளில் வெறும் வயிற்றோடு வராதீர்கள். ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டு காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து, ஊசி போட்டதும் நாற்காலியிலேயே மயங்கிச் சரிகிறவர்களைப் பார்த்துவிட்டேன். நாலு இட்லி சாப்பிட்டுவிட்டு வாருங்கள். பிரஷர், சுகர் மாத்திரைகளை எப்போதும்போல் போடுங்கள். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், என்னிடம் சீட்டைக் காட்டுங்கள், தேவைப்பட்டால் உங்கள் இதய டாக்டரிடம் நானே பேசிக்கொள்கிறேன். கர்ப்பமாக இருந்தால், ஏதாவது மருந்து ஒத்துக்கொள்ளாது என்றால், முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

அப்புறம் ஊசி. வலிக்குமா என்றால், குத்தும், கொஞ்ச நேரம். மருந்தில் அட்ரினலின் கலந்திருப்பதால் ஒரு நிமிடம் நெஞ்சு படபடக்கலாம், பயத்தில் வந்தது என்று நினைத்து இன்னும் பயப்பட வேண்டாம். கீழ்ப்பல் என்றால் உதடு பாதி மரத்துப்போகும், பணியாரம் அளவுக்கு வீங்கிவிட்ட மாதிரி இருக்கும், கண்ணாடியில் பார்த்தால் ஒன்றும் இருக்காது. மேல்பல் வேலை என்றால் கண் போய்விடும் என்று இன்னும் ஒரு பேச்சு இருக்கிறது. பார்வை நரம்பு தனி, பல்லுக்குப் போகும் நரம்பு தனி.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். உசிலம்பட்டிப் பெரியவர் மாதிரி வீக்கம் உச்சத்தில் இருக்கும்போது வருகிறவர்களுக்கு, அதிலும் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு, முதல் ஊசி சரியாக வேலை செய்யாமல் போகலாம். அழற்சி இருக்கும் இடத்தில் அமிலத் தன்மை கூடிவிடும், மரப்பு மருந்து பாதிதான் பிடிக்கும். அப்போது பல்லைச் சுற்றி இன்னும் ஒன்றிரண்டு ஊசி போடுவோம். "ரூட் கெனால்ல உயிர் போச்சு" என்று உங்கள் சித்தப்பா சொல்லியிருந்தால், அவர் பெரும்பாலும் இப்படிக் கடைசி நேரத்தில் போனவராகத்தான் இருப்பார். வேலை நடுவில் வலித்தால் இடது கையைத் தூக்குங்கள், நான் நிறுத்திவிடுவேன். பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளவும் முடியாது பாருங்கள், வாய் திறந்திருக்கிறது.

மரத்த பிறகு பல்லைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் ஷீட்டை மாட்டுவார்கள். மூச்சு முட்டும் என்று பயப்படுகிறார்கள், மூக்கு திறந்துதானே இருக்கிறது. எச்சில் பல்லுக்குள் போகாமலும், நாங்கள் கழுவும் மருந்து உங்கள் தொண்டைக்குப் போகாமலும் அது காக்கிறது. அந்த மருந்து சோடியம் ஹைப்போகுளோரைட், வீட்டில் வெள்ளைத் துணிக்குப் போடும் பிளீச்சின் சொந்தக்காரன். நீச்சல் குளத்து வாடை வந்தால் அதுதான்.

அப்புறம் பல்லில் ஒரு துளை, அதன் வழியாகக் குழாய்க்குள் இறங்கிக் கெட்ட சதையைச் சுரண்டி எடுக்க ஊசி மாதிரி ஃபைல்கள். மிக மெல்லியவற்றில் ஒன்று நுனியில் 0.10 மில்லிமீட்டர், தலைமுடியைவிடக் கொஞ்சம்தான் தடிமன். கைப்பிடி நிறத்தைப் பார்த்துக்கொண்டே படுத்திருக்கலாம்: வெள்ளை வந்தால் 0.15, மஞ்சள் 0.20, சிவப்பு 0.25, இப்படி ஏறிக்கொண்டே போகும். முன்பல்லில் பெரும்பாலும் ஒரே குழாய், கடைவாய்ப் பல்லில் மூன்று, சமயத்தில் நான்கு, அந்த நான்காவது ஒளிந்துகொண்டு எங்கள் உயிரை எடுக்கும். உதட்டில் ஒரு கொக்கி மாட்டி ஒரு மெஷின் பீப் பீப் என்று கத்தினால் பதற வேண்டாம், ஃபைல் வேர் நுனியை நெருங்கிவிட்டதா என்று மின்சாரத்தால் அளந்து சொல்லும் கருவி அது. இவ்வளவும் முடிய முக்கால் மணியிலிருந்து ஒன்றரை மணி நேரம் ஆகலாம். உண்மையில் வலிக்கப்போவது பல் இல்லை, திறந்தே வைத்திருந்த தாடைதான்.

சில பல்லை ஒரே நாளில் முடித்துவிடலாம், சீழ் இருந்தால் இரண்டு மூன்று தடவை வர வேண்டும். நடுவில் குழாய்க்குள் நாங்கள் வைக்கும் மருந்து கால்சியம் ஹைட்ராக்சைடு, அதாவது நம் வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பேதான், சுத்தம் செய்யப்பட்டது. இதைச் சொன்னதும் ஒரு பாட்டி, "அதுக்கா இம்புட்டுக் காசு, எங்கிட்ட டப்பா நிறைய இருக்கே" என்றார். டப்பாவில் இருப்பதை வைத்துவிடாதீர்கள், வாய் வெந்துவிடும்.

கடைசியில் குழாயை அடைக்கும் பொருள் கட்டா பெர்ச்சா, மலாய் நாட்டுப் பக்கத்து ஒரு மரத்தின் பால். எனக்கு இதில் ஒரு தனிப் பிரியம், 1851இல் இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே கடலடியில் தந்திக் கம்பி போட்டபோது தண்ணீர் புகாமல் சுற்றியது இதே பாலைத்தான். இப்போது துத்தநாக ஆக்சைடு கலந்து குச்சி குச்சியாக வருகிறது.

வீட்டுக்குப் போன பிறகு மரப்பு இறங்க இரண்டு மூன்று மணி நேரம் ஆகும், அதுவரை சூடான காபி வேண்டாம், உதட்டை நீங்களே கடித்துக்கொள்வதும் தெரியாது. இரண்டு மூன்று நாள் கடிக்கும்போது வலிக்கும், சிலருக்கு ஒரு வாரம். சாப்பிட்ட பிறகு டாக்டர் எழுதிக் கொடுத்த வலி மாத்திரை போதும், அல்சரோ கிட்னிப் பிரச்சினையோ இருந்தால் எந்த மாத்திரை என்று கேட்டுவிட்டுப் போடுங்கள்.

இனிமேல் சொல்வதில் எனக்கே வெட்கம். வலி நின்றதும் முக்கால்வாசிப் பேர் கேப், அதாவது பல்லை மூடும் உறை, போட வருவதில்லை. கடைவாய்ப் பல்லில் சொத்தை போக, நாங்கள் துளைத்ததும் போக, மிச்சம் நிற்பது மெல்லிய சுவர். நாலு வருடம் முன்னால் எனக்கே கீழ்ப் பல்லில் ரூட் கெனால், நண்பர் ஒருவர் செய்துவிட்டார், கச்சிதமான வேலை. கேப் அடுத்த வாரம் என்றேன். சித்திரைத் திருவிழா வந்தது, வீடு நிறைய விருந்தாளி, அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்பியும் நான் போகவில்லை. ஒருநாள் அத்தை ஊரிலிருந்து கொண்டுவந்த பொருள்விளங்கா உருண்டையை எடுத்து, யோசிக்காமல் அந்தப் பக்கமே வைத்துக் கடித்தேன். டக்கென்று ஒரு சத்தம். உருண்டைதான் உடைந்தது என்று சந்தோஷப்பட்டேன். பல், நடுவில் இரண்டாகப் பிளந்து, வேர்வரை. பிடுங்குவதைத் தவிர வழியில்லை. தினமும் பத்துப் பேருக்குக் கேப் போடச் சொல்கிறவளின் வாயில் இன்றைக்கும் அந்த இடத்தில் ஓர் இம்பிளாண்ட், தாடை எலும்பில் பதித்த செயற்கைப் பல், நிற்கிறது, அதற்கான செலவை வீட்டில் நான் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.

அதனால் காசு பேசும்போதே எல்லாவற்றையும் சேர்த்துக் கேளுங்கள்: ரூட் கெனாலுக்கு எவ்வளவு, மேலே கட்டுவதற்கு எவ்வளவு, கேப் எந்த வகை, அதற்குத் தனியாக எவ்வளவு. கேட்டால் டாக்டர் கோபப்படுவார் என்று நினைக்காதீர்கள். கை முட்டுகிறது என்றால் மதுரையில் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. மாணவர்கள் செய்வார்கள், ஒவ்வொரு படியையும் பேராசிரியர் பார்த்த பிறகுதான் அடுத்தது, செலவு குறைவு, ஆனால் நாலைந்து தடவை நடக்க வேண்டும். பல்லில் விரிசல் ஆழமாக இருந்தாலோ, கேப் பிடிக்கவே பல் மிச்சமில்லை என்றாலோ, பிடுங்குவதுதான் நேர்மையான ஆலோசனை, அப்படிச் சொல்கிற டாக்டரைச் சந்தேகப்பட வேண்டாம்.

பெரியவர் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். அன்றைக்கு அவருக்கு மூன்று ஊசி. அறையைத் திறந்து அழுத்தம் வடிந்த பத்தாவது நிமிடம் குறட்டை விட ஆரம்பித்தார், வாயைத் திறந்து வைக்க ஒரு ரப்பர் கட்டையை முட்டுக்கொடுத்துத்தான் வேலையை முடித்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன். ஐயா, ரேடியோ கேட்கிறீர்கள் என்றால், கேப்புக்கு அளவு எடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று, இது மட்டும் அவசரம். பல் வலியோடு கன்னம் வீங்கி, வீக்கம் கண்ணுக்கு ஏறினாலோ, கழுத்துப் பக்கம் இறங்கினாலோ, காய்ச்சல் வந்து வாய் திறக்க முடியாமல், எச்சில் விழுங்கச் சிரமப்பட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். பெரும்பாலான பல் கிளினிக்குகள் ராத்திரியில் திறந்திருக்காது. நேராகப் பெரியாஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குப் போங்கள், அது எந்த ராத்திரியானாலும்.