எதையும் கேட்காத கடிதம்

நண்பர்களே, பெரிய மனிதருக்குக் கடிதம் எழுதும் முறை நமக்குத் தெரியாததல்ல. மேலே புகழ்ச்சி, கீழே கோரிக்கை. 1762 ஜனவரியில் எழுத்தாளரும் சிந்தனையாளருமான ரூசோ நான்கு கடிதங்கள் எழுதினார். நான்கிலும் அந்தக் கோரிக்கைப் பத்தியைக் காணோம்.

அவற்றைப் பெற்றவர் மால்செர்ப். பிரான்சில் எந்தப் புத்தகம் அச்சேறலாம் என்று முடிவு செய்த அதிகாரி. சுருக்கமாகச் சொன்னால் தணிக்கைத் தலைவர். ஆனால் தடைக்கு ஆளான கலைக்களஞ்சியம், தத்துவ அறிஞர் திதரோ தொகுத்தது, பிழைத்ததில் இவருக்குப் பெரும் பங்குண்டு. விசித்திரமான தணிக்கையாளர்தான்!

அப்போது கல்வி பற்றிய ரூசோவின் நூல் 'எமில்' அச்சில் இருந்தது. வேலை இழுத்துக்கொண்டே போனது. பாரிஸுக்கு அருகே மோன்மொரான்சியில் நோயோடு கிடந்த ரூசோவுக்கு ஒரு பயம் பிடித்துக்கொண்டது: யேசு சபையார் பிரதியைக் கைப்பற்றிவிட்டார்கள், நான் செத்ததும் அதைச் சிதைத்து வெளியிடுவார்கள் என்று. மால்செர்ப் பொறுமையாக விசாரித்து, அப்படி எதுவும் இல்லை என்றார். அதோடு நின்றிருக்கலாம். உங்கள் தனிமையும் மனச்சோர்வும்தான் இதற்கெல்லாம் காரணம் என்ற பொருளிலும் எழுதிவிட்டார். அது ரூசோவுக்குச் சுருக்கென்று தைத்தது.

சரி, நான் யார் என்று சொல்கிறேன் கேளுங்கள் என்று தொடங்கிவிட்டார். 1749இல், வான்சேன் கோட்டையில் சிறையிருந்த திதரோவைப் பார்க்க நடந்து போகும் வழியில், திழோன் அகாதமியின் கட்டுரைப் போட்டிக் கேள்வியை (கலைகளும் அறிவியலும் வளர்ந்தது ஒழுக்கத்தைத் திருத்தியதா என்பது) பத்திரிகையில் படித்தது, மரத்தடியில் உட்கார்ந்தது, எழுந்தபோது சட்டையின் முன்பக்கம் கண்ணீரில் நனைந்திருந்தது. எல்லாம் இரண்டாம் கடிதத்தில் இருக்கிறது. அழுததே தெரியவில்லையாம். கொஞ்சம் மிகையாக இருக்குமோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு. ஆனாலும் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

நான்காம் கடிதம்தான் உச்சம். பெரிய மனிதர்களை வெறுக்கிறேன் என்கிறார். யாரிடம்? பிரான்சின் சான்சலர், அதாவது தலைமை நீதி அதிகாரி, அவருடைய மகனான மால்செர்ப்பிடம். சொல்லாமல் சொல்லவுமில்லை, நீங்கள் உயர்குடியில் பிறந்தவர், என்னை அறியாமலே எனக்கு ஆயிரம் நன்மை செய்தவர், உங்களிடமே இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை என்று எழுதுகிறார். இத்தனைக்கும் ரூசோ அப்போது குடியிருந்த வீட்டைப் பழுதுபார்த்துக் கொடுத்தவர் லுக்சம்பூர் பிரபு! அந்தக் குடும்பத்தின் மீது தனக்குள்ள அன்பையும் அதே கடிதத்தில் கொட்டுகிறார்.

வரைவு எழுதாமல், திரும்பப் படித்துப் பார்க்காமல், வாழ்நாளில் சிரமமின்றி எழுதியது ஒருவேளை இவை மட்டும்தான் என்று பின்னாளில் சொன்னார்.

அந்த ஜூனிலேயே 'எமில்' கண்டிக்கப்பட்டு, கைது உத்தரவுக்குத் தப்பி ரூசோ நாட்டை விட்டு ஓடினார். மால்செர்ப் கோபித்துக்கொண்டாரா? 1771இலும் இருவருக்கும் கடிதப் போக்குவரத்து இருந்தது. பேச்சு, செடிகளை உலர்த்தித் தாளில் ஒட்டிச் சேர்த்து வைப்பது பற்றி.