ஓடும் செயற்கைக்கோள் மீது லேசரைக் குறி வைப்பது எப்படி?

[திரையில்: இருட்டு. இரண்டு புள்ளிகள், ஒன்று கீழே, ஒன்று ரொம்ப மேலே.]

கீழே இருப்பது ஸ்பாட்-4, பிரான்சின் படமெடுக்கும் செயற்கைக்கோள், உயரம் 832 கிலோமீட்டர். மேலே இருப்பது ஐரோப்பிய விண்வெளி முகமையின் ஆர்டெமிஸ், 31,000 கிலோமீட்டர் உயரத்தில். 2001 நவம்பரில் கீழே இருந்தது மேலே இருந்ததற்கு லேசர் ஒளியில் தரவு அனுப்பியது. நொடிக்கு 50 மெகாபிட். இன்று நம் கையில் இருக்கும் போனுக்கு இது ஒன்றுமே இல்லை, ஆனால் அன்றைக்கு அது பெரிய சாதனை.

சரி, படத்தை நேராகத் தரைக்கே அனுப்பினால் என்ன? ஸ்பாட்-4 பூமியைச் சுற்றிவர சுமார் 100 நிமிடம் ஆகும், அதில் ஒரு தரை நிலையத்தின் கண்ணில் படுவது பத்து நிமிடம் போல. மீதி நேரமெல்லாம் எடுத்த படத்தை மடியில் கட்டிக்கொண்டு சுற்ற வேண்டியதுதான். உயரத்தில் இருக்கும் செயற்கைக்கோளுக்கோ அது வெகுநேரம் தெரியும், அங்கே கொடுத்தால் அது உடனே தரைக்குத் தள்ளிவிடும்.

ரேடியோவிலும் இதைச் செய்யலாம், செய்கிறார்கள். ஆனால் எந்த அலையும் போகப் போக விரியும். ஒரு சென்டிமீட்டர் அலைநீள ரேடியோவை ஒரு மீட்டர் தட்டு ஆன்டெனாவிலிருந்து அனுப்பினால், 40,000 கிலோமீட்டர் தாண்டும்போது அது ஏறக்குறைய 400 கிலோமீட்டர் அகலத்துக்குப் பரவியிருக்கும். லேசரின் அலைநீளம் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால், 25 சென்டிமீட்டர் தொலைநோக்கி வழியே அனுப்பினாலே அதே தூரத்தில் சில நூறு மீட்டருக்குள் அடங்கிவிடும். அனுப்பிய ஒளி வீணாகாமல் சேர வேண்டிய இடத்தில் குவிகிறது.

[திரையில்: மெல்லிய கோடு, குறி தவறிப் போகிறது.]

தலைவலியும் இதே குணத்தால்தான். என்னைக் கேட்டால் லேசரை உருவாக்குவது பாதி வேலைகூட இல்லை, குறி வைப்பதுதான் வேலை. முதலில் ஆர்டெமிஸ் சற்று அகலமான ஒளிக்கற்றையால் வானத்தைத் துழாவும். அது பட்டதும் ஸ்பாட்-4 அந்தத் திசைக்குத் திரும்பித் தன் மெல்லிய கற்றையை அனுப்பும், அதை ஆர்டெமிஸ் பிடித்துக்கொள்ளும். பிடித்தாயிற்று, அப்புறம் என்ன என்று நினைக்கலாம். ஸ்பாட்-4 நொடிக்கு ஏழு கிலோமீட்டருக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கிறது, அதன் ஒளி ஆர்டெமிஸுக்கு வந்து சேர நொடியில் பத்தில் ஒரு பங்கு, பதில் ஒளி திரும்பிப் போக இன்னொரு பத்தில் ஒரு பங்கு. அதற்குள் அது ஒரு கிலோமீட்டருக்கு மேல் நகர்ந்திருக்கும்! கற்றையின் அகலமோ சில நூறு மீட்டர். தெரிகிற இடத்தைக் குறி வைத்தால் நிச்சயம் தவறும், அது போய்ச் சேரப்போகும் இடத்தைக் கணக்குப் போட்டு அங்கே அடிக்க வேண்டும்.

இது போதாதென்று, செயற்கைக்கோளுக்கு உள்ளே சுழலும் சக்கரங்களும் சூரியத் தகடுகளைத் திருப்பும் மோட்டார்களும் கொடுக்கும் நடுக்கம் வேறு. ஒளியைத் திருப்பும் ஒரு சின்னக் கண்ணாடி விடாமல் அசைந்து அதைச் சரிக்கட்டுகிறது.

இன்று ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் இப்படித்தான் ஒன்றுக்கொன்று தரவைக் கைமாற்றுகின்றன, அதனால் நடுக்கடலில் தரை நிலையமே இல்லாத இடத்திலும் இணையம் கிடைக்கிறது. வேகத்திலும் லாபம் உண்டு: தரையில் இணையத் தரவைச் சுமக்கும் கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், வெற்றிடத்தில் 3 லட்சம். ஆனால் தரைக்கு இறங்கும் கடைசிக் கட்டத்துக்கு இன்னும் பெரும்பாலும் ரேடியோதான். லேசரை ஒரு மேகம் மறைத்துவிடும்.

[திரையில்: ஆர்டெமிஸ், பின்னால் மங்கலான நீல ஒளி.]

ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். ஆர்டெமிஸ் 31,000 கிலோமீட்டரில் இருந்திருக்கவே கூடாது, அதன் இடம் 36,000. 2001 ஜூலையில் ஏரியன்-5 ராக்கெட்டின் மேல் அடுக்கு சொதப்பியதால் அது தாழ்ந்த பாதையில் மாட்டிக்கொண்டது. தன் எரிபொருளைச் செலவழித்துப் பெரும்பகுதி தூரம் ஏறி, அங்கே காத்திருந்த சமயத்தில்தான் இந்த லேசர் சோதனையே நடந்தது. மீதித் தூரத்தை, இடம் நகராமல் சின்னச் சின்னத் திருத்தம் செய்வதற்காக வைத்திருந்த அயனி இயந்திரத்தை (மின்னூட்டிய வாயுவைப் பீய்ச்சி மெல்லத் தள்ளும் இயந்திரம்) ஓட்டியே கடந்தது. போய்ச் சேர்ந்தது 2003 ஜனவரியில்.