சமரசம்: வடலூர்ல ஒண்ணு, கோர்ட்டுல ஒண்ணு

[காட்சி: கடலூர் மஞ்சக்குப்பம். சுவரொட்டியில் ‘சமரசமில்லாத போராளி’ என்ற வரி.]

இந்த வரியை எல்லா ஊர்லயும் பார்த்திருப்பீங்க. பாராட்டாத்தான் போடுறாங்க. அப்போ சமரசம்னா விட்டுக்கொடுக்கிறது, கொஞ்சம் வளைஞ்சு போறது.

[காட்சி: குறிஞ்சிப்பாடி தாண்டி வடலூர். சத்திய ஞான சபை.]

இதே மாவட்டத்துல வள்ளலார் 1865-ல ஒரு சங்கம் ஆரம்பிச்சார். பேரு, ‘சமரச வேத சன்மார்க்க சங்கம்’. 1872-ல அந்தப் பேரை மாத்தினார்: ‘சமரச சுத்த சன்மார்க்க சத்திய சங்கம்’. கவனிங்க, ‘வேத’ போயிடுச்சு. ‘சமரச’ அசையல. விட்டுக்கொடுக்கிறதுதான் அர்த்தம்னா, அதை யாராவது பேரோட தலையில வைப்பாங்களா?

[திரையில்: சம + ரசம்]

வடமொழிச் சொல்தான். சம, ஒரே மாதிரி. ரசம், சாறு, சுவை. பழரசம், பாதரசம், நவரசம், இலையில ஊத்துற மிளகு ரசம் எல்லாமே இந்த ரசம்தான். ஆக, ஒரே சுவையா ஆகிறது சமரசம். யோக நூல்கள்ல இது பெரிய சொல். ஹட யோகப் பிரதீபிகை, தண்ணியில உப்பு கரைஞ்சு ஒண்ணாகிற மாதிரி மனசு ஆன்மாவுல ஒண்ணாகிறதைச் சொல்லிட்டு, அந்தச் சமரச நிலையைத்தான் சமாதிங்குது. உப்பு பாதி, தண்ணி பாதின்னு அங்க பேரம் எதுவும் நடக்கல!

வள்ளலாருக்கு முன்னாடியே, 18-ஆம் நூற்றாண்டுல தாயுமானவர் பாடிட்டார்: ‘வேதாந்த சித்தாந்த சமரச நன்னிலை பெற்ற வித்தகச் சித்தர் கணமே’. வேதாந்தியும் சித்தாந்தியும் ஆளுக்குக் கொஞ்சம் இறங்கி வந்தாங்கன்னு இதைப் படிச்சா பாட்டே கெட்டுப்போகும். ரெண்டும் ஒண்ணாத் தெரியிற இடத்துக்குப் போய்ச் சேர்ந்தவங்களைத்தான் பாடுறார்.

[காட்சி: நீதிமன்ற வளாகம். ‘சமரச மையம்’ என்ற பலகை.]

வழக்கைப் பேசி முடிக்கிறதுக்கு நம்மகிட்ட ‘ராஜி’ன்னு தனிச் சொல்லே இருக்கு. அரபியில இருந்து வந்தது. ‘ரெண்டு பேரும் ராஜி ஆயிட்டாங்க’ம்போம். இன்னிக்கு அந்த வேலையையும் சமரசம் பார்க்குது. ரெண்டு தரப்பும் சமம்ங்கிற எண்ணம் வழியாத்தான் இங்க வந்திருக்கும்னு நினைக்கிறேன். அதுல தப்பில்ல. ஆனா கோர்ட்டு அர்த்தத்தை வச்சுக்கிட்டு வடலூர்க்காரரைப் படிக்காதீங்க. எல்லா மதமும் கொஞ்சம் அனுசரிச்சுப் போகட்டும்னு அவர் சொல்லல. சாதி, சமயம்னு பிரிக்கிறதே பொய்ன்னார். 1867-ல அவர் திறந்த தருமச்சாலையில பசிதான் கணக்கு. வர்றவங்க எந்த சாதி, எந்த மதம்னு கேள்வி கிடையாது.

[காட்சி: மீண்டும் அந்தச் சுவரொட்டி.]

இதை வள்ளலார் படிச்சிருந்தா, எதிர்க்கட்சிக்காரங்க ஒட்டின வசவுன்னுதான் நினைச்சிருப்பார்.