நாம் தேர்ந்தெடுக்கும் பேய்கள்

நேயர்களுக்கு என் வணக்கம்.

மகா சிவராத்திரி முடிந்ததும் வரும் மயானக் கொள்ளையன்று வேலூர்ப் பாலாற்று மணலில் நின்று பார்த்தவர்களுக்கு, நான் சொல்லப்போவது எளிதில் விளங்கும். அம்மன் ஊர்வலம் வரும் வழியெங்கும் காளி வேடங்கள். எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார். தோல் பதனிடும் டேனரியில் வேலை. வாடகை வாங்க வரும் வீட்டுக்காரரிடம்கூட நிமிர்ந்து பேசமாட்டார். அன்று விடியற்காலையில் திண்ணையில் உட்கார்ந்து முகத்துக்கு நீலம் பூசிக்கொள்வார். கண்ணைச் சுற்றிச் சிவப்பு; கடைவாயில் அட்டையில் வெட்டிய கோரைப் பல். சடைமுடியைக் கட்டியதும் தோள்கள் தாமாக விரிந்துவிடும். சூலத்தை ஊன்றி எழுந்து நிற்கும்போது அதே வீட்டுக்காரர் இரண்டடி பின்வாங்கிக் கும்பிடுவார். ஆண்டுதோறும் ஏன் இந்த ஒரே வேடம் என்று ஒருமுறை கேட்டேன். "வருடம் முழுக்க விழுங்கியதை இன்றைக்குத்தான் வெளியே விட முடிகிறது" என்றார்.

பேய்க்கதைகளிலும் அறிவியல் கதைகளிலும் நம் மனம் ஒட்டிக்கொள்ளும் உருவங்களும் இப்படித்தான் என்பது என் எண்ணம். பேய், அரக்கன், இயந்திர மனிதன், வேற்றுக்கிரகவாசி என்று கதைக்குக் கதை உடை மாற்றிக்கொண்டு வரும் இந்த உருவங்களைத் தொல்படிமங்கள் என்பார்கள். நம்முடையது என்று ஒப்புக்கொள்ள நாம் கூசுகிற பகுதிக்கு உளவியலாளர் கார்ல் யுங் 'நிழல்' என்று பெயர் வைத்தார். ஒருவருக்கு எந்த உருவத்தைக் கண்டால் நடுக்கம் வருகிறது, எதன்மேல் இரக்கம் வருகிறது என்று கவனித்தால் அந்த நிழலின் ஓரம் கொஞ்சம் தெரியும். இதை வைத்து யாரையும் எடைபோட்டுவிட முடியாது. ஆனால் ஒரு மனிதரோடு மனம்விட்டுப் பேசத் தொடங்க இதைவிட நல்ல வாசலை நான் கண்டதில்லை.

அரக்கோணத்தில் சென்னை ரயில் ஏறினால் சற்று நேரத்தில் திருவாலங்காடு. அருகிலேயே பழையனூர். 'நீலிக் கண்ணீர்' என்று நாம் அன்றாடம் சொல்லும் சொல் பிறந்த ஊர் அது. முற்பிறவியில் கணவனால் கொல்லப்பட்ட பெண், நீலி என்ற பேயாகி, மறுபிறவியில் வணிகனாக வரும் அவனைத் தேடி வருகிறாள். கள்ளிக்கட்டையைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, 'இவர் என் கணவர், என்னைக் கைவிட்டுவிட்டார்' என்று ஊரார் முன் அழுகிறாள். அவன் பேய் என்று கதறுகிறான்; யாரும் நம்பவில்லை. அவன் உயிருக்கு நாங்கள் பிணை என்று எழுபது வேளாளர்கள் வாக்குக் கொடுக்கிறார்கள். இரவில் அவனை அவள் கொன்றுவிடுகிறாள். விடிந்ததும் எழுபது பேரும் சொன்ன சொல்லுக்காகத் தீயில் இறங்குகிறார்கள். திருஞானசம்பந்தரின் ஆலங்காட்டுப் பதிகத்திலேயே இந்தக் கதையின் சாயல் உண்டு.

வேலூரில் பல ஆண்டுகள் தமிழ் வகுப்பெடுத்தவன் நான். இந்தக் கதையைச் சொல்லிவிட்டு, 'யாருக்காக உங்கள் மனம் பதறுகிறது?' என்று கேட்பேன். மாணவிகளில் பலர் தயங்காமல் நீலி என்பார்கள். வீட்டில் எதைச் சொன்னாலும் நம்பப்படாத பிள்ளைகள் வணிகன் என்பார்கள். ஒரே ஒரு மாணவன்தான், கடைசி வரிசையில் இருந்தவன், 'அந்த எழுபது பேர்' என்றான். சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான். உறவினர் ஒருவரின் கடனுக்கு அவன் அப்பா ஜாமீன் கையெழுத்துப் போட்டு வீட்டை இழந்தவர் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

அதே ஆலங்காட்டில் இன்னொரு பேயும் உண்டு. அழகையும் இளமையையும் தானே உதறிவிட்டு, பேயுருவை இறைவனிடம் கேட்டு வாங்கிக்கொண்ட காரைக்கால் அம்மையார். தன்னைத் தானே 'காரைக்காற் பேய்' என்று பாடியவர். அநீதியால் பேயானவள் ஒருத்தி, விடுதலைக்காகப் பேயானவர் ஒருவர். இருவரில் யாரை நினைத்தால் உங்களுக்கு நெஞ்சு நெகிழ்கிறது?

அறிவியல் கதைக்கு வந்தாலும் இதே கதைதான். 'ரோபோ' என்ற சொல் 1920-இல் செக் எழுத்தாளர் கரெல் சாபெக்கின் நாடகத்தில் வந்தது. கட்டாய உழைப்பைக் குறிக்கும் செக் மொழிச் சொல்லிலிருந்து பிறந்தது. விடியுமுன் எழுந்து எல்லோருக்கும் சமைத்து வைத்துவிட்டுக் கல்லூரிக்கு ஓடிவரும் பெண்கள், இயந்திரம் எசமானை எதிர்க்கும் இடத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன். ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகத்தின் 2.34 மீட்டர் தொலைநோக்கியைக் காட்ட மாணவர்களை அழைத்துப்போனபோது, 'வேற்றுக்கிரகவாசிகள் வந்தால் நம்மைத் தாக்குவார்களா?' என்று ஒருவன் கேட்டான். 'நம்மைப் பிடிக்குமா அவர்களுக்கு?' என்று கேட்டான் மற்றொருவன். விடுதியில் இருவரும் ஒரே அறை.

என் பேய் எது என்று சொல்லாமல் விடுவது முறையல்ல. மேரி ஷெல்லி எழுதி 1818-இல் வெளிவந்த 'ஃபிராங்கன்ஸ்டைன்' கதையில் இருக்கிறது அது. பலர் ஃபிராங்கன்ஸ்டைன் என்பது அதில் வரும் கோர உருவத்தின் பெயர் என்று நினைக்கிறார்கள். அது, அந்த உருவத்தைப் படைத்தவனின் பெயர். உயிர் கொடுத்தவன், அது கண் திறந்ததும் அஞ்சி ஓடிவிடுகிறான். அதற்குப் பெயர்கூட வைக்கவில்லை. இளமையில் அந்த உருவத்தைக் கண்டு நடுங்கினேன். இன்று எனக்கு அச்சம் தருபவன் ஓடிப்போனவன்.

குடியாத்தம் பக்கத்துக் கிராமம் ஒன்றில், வேலைக்குச் சேர்ந்த புதிதில், தறிவீட்டுப் பிள்ளைகளுக்கு இரவு வகுப்பு நடத்தினேன். ஏழு மாதம். மாற்றல் வந்தது, போய்விட்டேன். வருகிறேன் என்று சொன்னவன் போகவே இல்லை. பல ஆண்டுகள் கழித்து வேலூர் பஸ் நிலையத்தில், லுங்கிக் கட்டைத் தோளில் சுமந்தபடி ஓர் இளைஞன் என்னை நிறுத்தினான். "ஐயா, நீங்கள் போன பிறகும் இரண்டு வாரம் விளக்கேற்றி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்" என்றான். அவன் குரலில் கோபம் துளியும் இல்லை. அவன் பெயரை நான் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.