மாமரத்தடி ஆடு எந்தக் கணக்கில்?

(யாழ்ப்பாணத்துப் பண்ணையாளர்கள் கூடிய வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றிய உரை)

பெரியோர்களே, பின்னேரப் பாலைக் கறந்து வைத்துவிட்டு ஓடி வந்திருக்கும் தாய்மார்களே,

தீபாவளியன்று விடியப்புறம் எங்கள் ஊர்களில் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நாலைந்து வீட்டுக்காரர் சேர்ந்து ஒரு கிடாய் வாங்குவார்கள். மாமரத்தடியில் உரித்து, பனையோலையை விரித்து, தொடையும் நெஞ்சும் ஈரலும் ஒவ்வொரு பங்கிலும் விழும்படி பார்த்துப் பார்த்துக் கூறு போடுவார்கள். வெயில் ஏறமுன் எல்லா அடுப்பிலும் கறி கொதிக்கும். அந்த ஆடு எந்தப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. இறைச்சிக் கணக்கு அனுமதி பெற்ற கொல்களத்துப் பதிவேட்டிலிருந்து வருகிறது. மாமரத்தடிக்குப் பதிவேடு ஏது?

பாலும் அப்படித்தான். சேகரிப்பு நிலையத்தில் பால்மானி விட்டுப் பார்த்து அளந்த பால் கணக்கில் நிற்கும். பக்கத்து வீட்டுக்குப் போத்தலில் போனதையும், தேத்தண்ணிக் கடைக்குப் போனதையும், உங்கள் பிள்ளை குடித்ததையும் யாரும் அளப்பதில்லை. கறவை மாடுகளின் தொகையை ஒரு சராசரியால் பெருக்கித்தான் அந்த இடைவெளியை நிரப்ப வேண்டியிருக்கிறது. மாட்டுத்தொகை பிசகினால் பாலும் பிசகும்.

நான் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்த ஒரு பிழையைச் சொல்கிறேன். வீடு வீடாக மாடுகளை எண்ணி நிரப்பும் படிவம் அடுத்தநாள் போகவேண்டும். சில வீடுகளுக்கு மட்டும் போனேன். மிச்சத்துக்குப் போன வருட எண்ணையே இறக்கி எழுதினேன். பிறகு மாடுகளுக்குக் காலிலும் வாயிலும் புண் வரும் கால்வாய் நோய் வந்தபோது தடுப்பூசி மருந்து அந்த எண்ணுக்குத்தான் வந்தது. ஒழுங்கையின் கடைசி வீட்டுக்குப் போகும்போது போத்தல் வெறுமை. அந்த அம்மா கயிற்றைப் பிடித்தபடி மாட்டோடு நின்றது இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது.

இனி நுகர்வு. ஆளுக்கு வருடம் இத்தனை கிலோ இறைச்சி என்று பத்திரிகையில் வாசிக்கிறோம். ஐக்கிய நாடுகள் உணவு விவசாய நிறுவனத்தின் உணவுச் சமநிலை ஏட்டில், உற்பத்தியோடு இறக்குமதியைக் கூட்டி, ஏற்றுமதியையும் கழிவையும் கழித்து, வருவதை மக்கள்தொகையால் வகுக்கிறார்கள். யாருடைய சோற்றுக் கோப்பையையும் யாரும் பார்க்கவில்லை. மேலே உள்ள எண்ணில் நம் பங்கு இறைச்சி இல்லை. கீழே வகுக்கும் எண்ணோ மக்கள்தொகை; அதற்கு 1981க்குப் பிறகு 2012 வரை யாழ்ப்பாணத்தில் முழுமையான குடித்தொகைக் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நாட்டில் எடுத்தபோதும் போரால் இங்கு முழுதாக எடுக்க முடியவில்லை. இடம்பெயர்ந்து போனவர்கள் விட்டுப்போன மாடுகள் வன்னியில் கட்டாக்காலியாகப் பெருகின. அவற்றை யார் பெயரில் எழுதுவது?

பெரிய நாடுகளும் தப்பவில்லை. சீனா 1996ஆம் ஆண்டுக்கு விவசாயக் கணக்கெடுப்பு எடுத்துப் பார்த்தபோது, அதுவரை அறிவித்த இறைச்சி உற்பத்தி மிகையென்று தெரிந்து, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தது. அங்கே கீழ்மட்டத்திலிருந்தே இருந்ததைவிடக் கூட்டிக் கூட்டி எழுதினார்கள். இங்கே நாம் எழுதாமலே விடுகிறோம். இல்லாத பாலுக்குத்தான் பால்மா இறக்குமதி என்று சொல்லும்போது, இருக்கிற பாலை நாம் காட்டியிருக்கிறோமா?

வரி வரும் என்று பயந்து மாட்டைக் குறைத்துச் சொல்லாதீர்கள். உதவி வரும் என்று கூட்டியும் சொல்லாதீர்கள். வருகிற தீபாவளிக்குக் கூறு போடும்போது ஒரு பிள்ளையிடம் கொப்பியைக் கொடுங்கள். கிடாயின் நிறை, விலை, எத்தனை பங்கு என்று எழுதட்டும். அந்தத் தாளை எங்கள் கால்நடை வைத்தியர் அலுவலகத்தில் கொடுங்கள். தைப்பொங்கலுக்கு முன்னர் இதே வாசிகசாலையில் எல்லாக் கொப்பியையும் கூட்டிப் பார்ப்போம்.