செம்பு கிடைச்சுது, வருஷத்துக்குப் பேர் மாத்து!

ஹாய் மக்களே! நான் இப்ப நிக்குறது ஜப்பான்ல, சிச்சிபு. பின்னாடி ஆளை விட உயரமா, நடுவுல சதுர ஓட்டையோட ஒரு காசு தெரியுதுல்ல? அது நினைவுச்சின்னம். நிஜக் காசு உள்ளங்கைக்குள்ள அடங்கிரும். பேரு வாடோ கைச்சின்.

கதை இதுதான். கி.பி. 708, வருஷத்தோட முதல் மாசம். இந்த மலையிலருந்து அரசவைக்கு செம்பு போகுது. தாதுவை உருக்கிப் பிரிக்கிற வேலையே இல்ல, இயற்கையிலயே உலோகம். அப்ப ஆட்சியில இருந்தவங்க பேரரசி கென்மெய். மகன் முந்தின வருஷம்தான் இறந்துபோனார், பேரன் சின்னப் பையன். அதனால அம்மாவே அரியணை ஏறிட்டாங்க. அந்த நேரம் பார்த்து பூமி செம்பைக் கொடுத்தா, விடுவாங்களா? தெய்வமே ஆசி சொல்லிருச்சுன்னு அறிவிச்சு, ஓடிட்டிருந்த ‘கெய்யுன் 5’ஐ அப்படியே நிறுத்தி ‘வாடோ 1’னு ஆரம்பிச்சுட்டாங்க. அங்க ஒரு காலத்துக்குப் பேர் வச்சு, அதுல எத்தனாவது வருஷம்னுதான் எண்ணுவாங்க. வாடோன்னா ஜப்பான் செம்பு. கைதிகளுக்குப் பொதுமன்னிப்பு, இந்த ஊருக்கு வரித் தள்ளுபடி வேற!

ஒரு ராஜா ஆட்சி முழுக்க ஒரே காலப்பேருங்கிறதெல்லாம் 1868ல, மெய்ஜி காலத்துல வந்த வழக்கம். அப்பல்லாம் நல்ல சகுனம் வந்தா பேர் மாறும். 701ல தைஹோன்னு பேர் வச்சது சுஷிமா தீவுலருந்து தங்கம் வந்துச்சுன்னு. அது பித்தலாட்டம்னு பின்னாடி தெரிஞ்சுது. பேர் மட்டும் நிலைச்சுருச்சு!

என்னைக் கேட்டா, வாடோ விஷயத்துல பக்தியை விட பணத் தேவைதான் பெருசு. நாராவுல புதுத் தலைநகர் கட்டணும், 710ல அங்க குடி போறாங்க. கட்டுற செலவுக்குக் காசு வேணும். 708லயே வெள்ளிக் காசும் செப்புக் காசும் அடிச்சாங்க. ஆனா ஜனங்க அரிசியும் துணியும் கொடுத்து வாங்கிப் பழகினவங்க, காசை யாரு சீண்டுவா? 711ல அரசு ஒரு சட்டம் போட்டுச்சு: கீழ்மட்ட அதிகாரி பத்தாயிரம் காசு சேர்த்தா பதவி ஒரு படி உயரும்! காசு புழங்கணும்னு நினைச்சுட்டு, பூட்டி வைக்கிறவனுக்குப் பரிசு கொடுத்தா எப்படிங்க? கள்ளக் காசு அடிக்கிறவங்க தொல்லை தனி.

அடுத்த வருஷம், அதாவது வாடோ 5ல, ஜப்பானோட பழைய புராண, வரலாற்றுத் தொகுப்பான கோஜிகி நூலைப் பேரரசிகிட்ட ஒப்படைக்கிறாங்க. 715ல ஒரு கண்ணு வெள்ளை, ஒரு கண்ணு சிவப்புன்னு ஒரு ஆமையைக் கொண்டுவந்து கொடுக்குறாங்க. அவ்வளவுதான், வாடோ முடிஞ்சுது. கென்மெய் மகளுக்கு அரியணையை விட்டுக்கொடுத்தாங்க, வருஷத்துக்கும் ஆமை பேரு: ரெய்கி!