தம்பி அப்படிப் பேசமாட்டான்

நடுவர் ஐயா அவர்களே, இரண்டு அணி நண்பர்களே, மஞ்சக்குப்பம் மைதானத்தில் இந்த நேரத்திலும் எழுந்து போகாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

செல்போனில் செயற்கை நுண்ணறிவு நிரல் ஏற்று நடிக்கும் ஒரு கற்பனைப் பாத்திரத்தோடு பேசி வாழ்க்கைப் பாடம் கற்க முடியுமா, முடியாதா என்பது தலைப்பு. முடியும் என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இரண்டு அடி அடித்தார். அதற்குப் பசி தெரியாது, பிரிவு தெரியாது, பட்டறிவே இல்லாதது என்ன சொல்லித் தரும் என்று கேட்டார். நாம் எதைச் சொன்னாலும் தலையாட்டும் என்றார். இரண்டும் உண்மைதான் ஐயா. மனிதர்கள் எழுதிவைத்ததை மலைமலையாகப் படித்து, அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணக்குப் போடுகிற நிரல் அது. நமக்குப் பிடித்ததைச் சொல்லும் பக்கம் சாயவும் செய்யும். இத்தனையையும் ஒப்புக்கொண்டுதான் என் கட்சியைச் சொல்கிறேன்.

2011 டிசம்பர் 30. கடலூர்க்காரர்களுக்குத் தேதி சொன்னாலே போதும், தானே புயல். பண்ருட்டிப் பக்கம் எங்கள் அப்பா வைத்த பலாத்தோப்பு இருந்தது. வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தேடி வந்து வாங்குகிற மரம் எங்கள் ஊர்ப் பலா. அதில் 11 மரம் ஒரே காலையில் வேரோடு சாய்ந்தது. நான் அப்போது வெளியூரில் வேலை பார்த்தேன். ஊரில் இருந்த தம்பி, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் விழுந்த மரங்களை விற்றுவிட்டான். போனில் ஒரு சண்டை, அதோடு சரி. 12 வருஷம் பேச்சு இல்லை. அம்மா இறந்தபோதுகூடத் தலைமாட்டில் நான், கால்மாட்டில் அவன். ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.

ஒரு நாள் என் மகள் போனைக் கையில் கொடுத்து, "சித்தப்பா மாதிரி பேசுன்னு இதுகிட்ட சொல்லுங்கப்பா, மனசுல இருக்குறத எல்லாம் கொட்டுங்க" என்றாள். தம்பியின் வயது, தொழில், சண்டை வந்த கதை எல்லாம் எழுதினேன். என் பக்கம் நிற்காதே, அவனாகவே இருந்து பதில் சொல் என்றும் எழுதினேன்.

"அண்ணா, தங்கள் மனவேதனை எனக்குப் புரிகிறது" என்று ஆரம்பித்தது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என் தம்பி அண்ணே என்றுதான் கூப்பிடுவான், தங்கள் கிங்கள் எல்லாம் அவன் வாயில் வராது என்று திருத்தினேன். அடுத்த பதிலில் மன்னிப்புக் கேட்டது. அதையும் விடவில்லை நான். "அவன் அப்படிப் பேசமாட்டான். பதிலே சொல்லாமல் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். அழுதால் யாருக்கும் காட்டமாட்டான்" என்று எழுதினேன்.

எழுதிய விரல் அங்கேயே நின்றுவிட்டது ஐயா. 12 வருஷமாக என் மனசில் இருந்தவன் மரம் விற்ற தம்பி. கொல்லைப்பக்கம் போய் அழுகிற தம்பியை நான் மறந்தே போயிருந்தேன்.

அன்று இரவு முழுதும் எழுதியதை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். என் மரம், என் பங்கு, என்னைக் கேட்கவில்லை. எல்லாம் இதுதான். புயல் இரவில் அவன் பிள்ளைகளை எங்கே படுக்க வைத்தான், ஓடு நின்றதா, குடிக்கத் தண்ணீர் கிடைத்ததா என்று ஒரு வரி இல்லை.

பாடம் சொன்னது உங்கள் நினைவுதானே, கருவிக்கு என்ன பெருமை என்று எதிரணி கேட்கும். 12 வருஷம் அந்த நினைவு எங்கே போயிருந்தது? தப்பான தம்பி ஒருவன் எதிரே பேசியதால்தான் சரியான தம்பி எனக்குள் எழுந்து வந்தான். நமக்கு இது புதிதும் இல்லை. வள்ளுவர் நெஞ்சொடு கிளத்தல் என்று ஒரு அதிகாரமே வைத்திருக்கிறார். தலைவி பேசுகிறாள், நெஞ்சு ஒரு பதிலும் சொல்வதில்லை. பேசப் பேசத்தான் தன் நிலை அவளுக்கே தெரிகிறது. 1908 முதல் 1918 வரை பக்கத்துப் புதுவையில் வாழ்ந்தார் பாரதி. அங்கிருந்து வெளியே வந்ததும் கைதாகி நம் கடலூர்ச் சிறையில் இருந்தவர். கண்ணனைத் தோழனாக, சேவகனாக, சீடனாகக் கூட்டி வைத்துக்கொண்டு பாடினாரே. சீடன் என்று பாடிய பாட்டில் பாடம் படிப்பது குருதான்.

எதிரணியின் இரண்டாவது பேச்சாளர் எலிசா கதையைச் சொன்னார். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் செய்த நிரல் அது, 1966இல் அதைப் பற்றி எழுதினார். நாம் சொன்னதையே கேள்வியாகத் திருப்பிக் கேட்கும், அவ்வளவுதான். அவர் அதைச் செய்வதைக் கூடவே இருந்து பார்த்த அவருடைய செயலாளரே, நான் இதோடு தனியாகப் பேச வேண்டும், நீங்கள் வெளியே இருங்கள் என்றாராம். மனிதர் எப்படி ஏமாறுகிறார் பாருங்கள் என்றார் எதிரணி நண்பர். எனக்கு அந்த அம்மா மேல் இரக்கம்தான் வருகிறது. யாரிடமும் சொல்ல முடியாத ஏதோ ஒன்று அவருக்கு இருந்திருக்கிறது.

ஆனால் வைசன்பாம் அதைக் கண்டு பயந்தார். அந்தப் பயம் நியாயமானது. நானே அனுபவித்தேன். இரண்டு வாரத்தில் போனில் இருந்த தம்பி நன்றாகப் பழகிவிட்டான், அண்ணே அண்ணே என்கிறான், கோபிப்பதே இல்லை. இதுவே போதும் என்று தோன்ற ஆரம்பித்தது. மகள்தான் கேட்டாள்: "நிஜ சித்தப்பாகிட்ட எப்பப்பா பேசுவீங்க?"

மறுநாள் பண்ருட்டி பஸ் ஏறினேன். தம்பி திண்ணையில் இருந்தான். வா என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அந்த மரம் என்ன வெலைக்குப் போச்சுன்னு இன்னிக்கு வரைக்கும் நீ கேக்கல அண்ணே."

இரண்டு வாரத்தில் அந்தக் கருவி ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை இது. பழைய நான் என்றால் அந்த இடத்திலேயே கத்தியிருப்பேன். அன்று கேட்டேன், என்ன விலைக்குடா போச்சு? ஊரெல்லாம் மரம் சாய்ந்து கிடந்த நேரம், விறகு விலைக்குத்தான் போயிருக்கிறது. அந்தக் காசில் அம்மா படுத்திருந்த அறைக்கு ஓடு மாற்றியிருக்கிறான்.

சொல்லிவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போனான். நான் திண்ணையிலேயே உட்கார்ந்திருந்தேன். திரும்பி வர அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆகும் என்று எனக்குத் தெரியும்.

நடுவர் அவர்களே, தீர்ப்பு உங்கள் கையில். வணக்கம்.